யானைக்காது செடிக்கு மே மாதக் கண்டம்! வடக்கு பால்கனியிலும் வெயில் எட்டிப் பார்க்கும்

சென்னை அடுக்குமாடி வீடுகளில் யானைக்காது செடிக்கு மவுசு ஏறிவிட்டது. நர்சரியில் பார்த்தால் இலை முறம் மாதிரி விரிந்து பளபளவென்று இருக்கிறது. விலை பேசி, ஆட்டோவில் ஏற்றி, அலுங்காமல் கொண்டு வருகிறார்கள். பால்கனியில் வைக்கிறார்கள்.

பத்தே நாள்! இலை ஓரம் கருகி, அப்பளம் மாதிரி நொறுங்குகிறது.

"தண்ணி ஊத்தலியா?" என்று கணவர் அதட்டுவார். "ரெண்டு வேளையும் ஊத்துறேன். நீங்கதான் பார்க்கிறதில்லே!" என்று மனைவி பொரிவார். சண்டை தண்ணீரைப் பற்றி. குற்றவாளியோ வெயில்!

கிணற்றடி

யானைக்காது என்று புதுப்பெயரில் விற்கப்படுவதில் பல, நம் ஊர் சேம்பு இனம்தான். சேப்பங்கிழங்கு தருகிற அதே செடி. குளித்த தண்ணீர் ஓடும் கிணற்றடியில் வாழை நிழலில் கேட்பாரற்று வளர்ந்ததே, அதுதான். வேரில் எப்போதும் ஈரம். காலையில் கொஞ்சம் வெயில். அதற்கு அது போதும்.

"வயலில் முழு வெயிலில் வளருதே?" என்று கேட்கலாம். வயலில் வேர் பரவ இடம் உண்டு, பாய்ச்சலும் உண்டு. தொட்டியில் இருப்பதோ ஒரு பிடி மண். அகன்ற இலை விடுகிற நீரை வேரால் ஈடு கட்ட முடியாது. மேலும், நர்சரியில் பச்சை வலை நிழலில் வளர்ந்த செடி அது. வந்த அன்றைக்கே மொட்டை மாடியில் நிறுத்தினால் என்ன ஆகும்? இரண்டு வாரம் நிழலில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்கு நகர்த்த வேண்டும்.

வடக்கு

கிழக்கு பால்கனி என்றால் யோகம். காலை வெயில் வரும், மதியம் நிழல் விழும். மேற்கு பால்கனிதான் வில்லன். பிற்பகல் வெயிலோடு சுவர்ச் சூடும் சேர்ந்து கொல்லும். அங்கே நிழல் வலை கட்டியே ஆக வேண்டும்.

பலரும் ஏமாறுவது வடக்கு பால்கனியில்! டிசம்பர், ஜனவரியில் அங்கே நேர் வெயில் கிடையாது. செடி ஜோராக இருக்கும். ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் சென்னைக்கு நேர் உச்சிக்கு வருகிறது. அதன்பிறகு ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு பால்கனிக்குள் வெயில் சாய்வாக நுழையும். நடுவிலே கத்திரி வேறு! "போன மாசம் வரைக்கும் நல்லாத்தானே இருந்துது" என்று புலம்புவது இதனால்தான். அந்த மூன்று நான்கு மாதம் தொட்டியை உள்பக்கம் இழுத்து வைத்தால் போதும்.

கருப்பு இலை

கருப்பு இலை சேம்பு வாங்கியவர்கள் அதை இருட்டு மூலையில் வைத்துவிட்டு, "பச்சையா மாறிடுச்சு, நர்சரிக்காரன் ஏமாத்திட்டான்" என்று திட்டுகிறார்கள். அவர் ஏமாற்றவில்லை. வெளிச்சம் கிடைத்தால்தான் அந்தக் கருமை நிற்கும். வெள்ளைத் திட்டு உள்ள ரகம் இதற்கு நேர்மாறு. வெயில் பட்டால் முதலில் கருகுவது அதுதான்.

ஹாலுக்குள் வைத்த செடி காம்பு நீண்டு, ஜன்னல் பக்கம் சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். அங்கே தண்ணீரையும் குறைக்க வேண்டும். இருட்டும் ஈரமும் சேர்ந்தால் கிழங்கு அழுகிவிடும்.

அரிப்பு

நிழல் தேடி வீட்டுக்குள் கொண்டு வருகிறவர்கள் தவழும் குழந்தையை மறந்துவிடக் கூடாது. இலையிலும் தண்டிலும் ஊசி ஊசியாக கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். அழகுக்கு வாங்கிய ரகத்தின் கிழங்கைப் புளிக்குழம்பில் போட்டுப் பார்க்கும் ஆசையும் வேண்டாம்.

கருகிய இலை மறுபடி பச்சையாகாது. அதை அடியோடு நறுக்கிவிட்டு, தொட்டியை இடம் மாற்ற வேண்டும். கிழங்கு கெட்டியாக இருந்தால் செடி சாகவில்லை. கொஞ்ச நாளில் நடுவிலிருந்து சுருட்டு மாதிரி ஒரு குருத்து கிளம்பி வரும்.