டியர்டிராப் வண்டியில் அடுப்படி

அமெரிக்காவில் 1930களிலிருந்து பலர் தாங்களே கட்டி, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சின்ன முகாம் வண்டி, டியர்டிராப் டிரெய்லர். பெரும்பாலும் நான்கடி அகலம், எட்டடி நீளம். உள்ளே இருவர் படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை. அதைத் திட்டமிடுபவர்கள் இழுப்பறை எத்தனை என்றுதான் யோசிக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது எடை. சமையல் மேடை சக்கர அச்சுக்குப் பின்னால் இருப்பதால், அங்கே ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் காரின் கொக்கிமீது விழும் பாரத்தைக் குறைக்கிறது. வண்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும் என்பது பொதுவிதி. குறைந்தால் வேகத்தில் வண்டி பக்கவாட்டில் அலையும். காரையே புரட்டிவிடக்கூடிய ஆபத்து அது.

20 லிட்டர் தண்ணீர் 20 கிலோ. அதனால் தண்ணீர்த் தொட்டியும் ஐஸ்பெட்டியும் அச்சை ஒட்டித் தரைமட்டத்தில் இருக்கட்டும். தட்டு, ரொட்டி, மசாலா டப்பாக்கள் பின்னால் போகட்டும். சமைக்கும்போது கைக்கு எட்டாதே என்பீர்கள். தொட்டியிலிருந்து ஒரு குழாயும் கைப்பம்பும் போதும். ஐஸ்பெட்டியைத் தண்டவாளச் சட்டத்தில் வைத்தால், வண்டி நின்றபின் வெளியே இழுத்துக்கொள்ளலாம். முன்முனையில் ஒரு கனமான பெட்டியை வைத்துச் சரிக்கட்டலாமே என்றும் சிலர் கேட்பார்கள். கொக்கியின் பாரம் சரியாகும், உண்மைதான். ஆனால் இரு முனையிலும் கனம் இருந்தால், ஒருமுறை ஆடத் தொடங்கிய வண்டி லேசில் அடங்காது. அலமாரிகளை நிரந்தரமாகப் பொருத்துமுன், எல்லாச் சாமானையும் அதனதன் இடத்தில் ஏற்றி, முன்முனையை வீட்டு எடை இயந்திரத்தின்மேல் இறக்கிப் பாருங்கள். 500 கிலோ வண்டிக்கு முள் 50க்குக் கீழே நின்றால், வரைபடத்தை மாற்றுங்கள்.