கயிற்றில் நடக்கும் வேலை

பெரிய மதுபானக் கம்பனியில் வேலை என்றதும் சீருடையும் இயந்திரமும்தான் நினைவுக்கு வரும். 1881இல் நுவரெலியாவில் தொடங்கி, பின்னாளில் பியகமவுக்கு இடம்மாறிய பியர் ஆலையில் அப்படித்தான். ஆனால் கள்ளிலிருந்து வடிக்கும் சாராயத்தின் முதல் தொழிலாளி நிற்பது தென்னை மர உச்சியில். புத்தளம் மாவட்டத்தில் மாரவில, நாத்தாண்டிய பக்கத் தோப்புகளுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

இடுப்பில் பாளைக்கத்தி, கூடவே சுரைக்குடுவை. விரியாத பாளையை இறுகக் கட்டி, தட்டிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிசாகச் சீவினால்தான் முட்டியில் கள் சொட்டும். நாள் தவறக்கூடாது, தவறினால் சீவிய வாய் காய்ந்துவிடும். பெருநாளும் இல்லை, சுகயீன விடுமுறையும் இல்லை!

நெருக்கமான தோப்பில் ஒவ்வொரு மரமாக இறங்கி ஏற நேரமேது? மரத்துக்கு மரம் இரண்டு தும்புக் கயிறு கட்டுவார்கள். கீழ்க் கயிற்றில் கால், மேல் கயிற்றில் கை. மழை பெய்தால் அதுவும் வழுக்கும்.

கள் தானாகவே புளிக்கும். அதனால் பிந்தாமல் வடிசாலைக்குப் போயாக வேண்டும். இத்தனைக்கும் மேலே, 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரமும் வேண்டும்.

அடுத்த முறை சிலாபம் வீதியில் பஸ்ஸில் போகும்போது, ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள்.