தேரி நுண்கற்கருவிகளும் மேற்பரப்புச் சேகரிப்பும்

விக்கிரமசிங்கபுரத்தை அடுத்த பாபநாசத்தில் சமவெளி சேரும் தாமிரபரணி, கடலை நெருங்குமிடத்தில் செம்மணல் தேரிகள் பரந்துள்ளன. சாயர்புரம் தேரியில் இராபர்ட் புரூஸ் பூட் நுண்கற்கருவிகளைச் சேகரித்தார். 1956இல் வெளியான சாய்னர், ஆல்சின் ஆகியோரின் ஆய்வு, இக்கருவிகளின் காலத்தைப் பண்டைய கடல்மட்டத்தோடும் மணல்மேடுகளின் உருவாக்கத்தோடும் இணைத்துக் கணிக்க முயன்றது. கருவிகள்மீது படிந்த செந்நிறம் இத்தகைய கணிப்பில் முக்கியத் தடயமாகும். மணல் செம்மையுறும் முன்னரே அவை அங்குக் கிடந்தமையை அது சுட்டக்கூடும். பொழுதுபோக்காகத் தேடுவோர் பொலிவுக்காக அமிலமிட்டுத் துலக்கினால் இத்தடயம் அழியும். அழகிய அலகை மட்டும் பொறுக்கி, உடைசில்லுகளை விட்டுவிடுவதும் இழப்பே. கருவி அவ்விடத்திலேயே செய்யப்பட்டதா என்பதை உரைப்பவை பெரும்பாலும் அச்சில்லுகளே. எனவே நிலத்தில் கண்டதை எடுக்குமுன் இடத்தையும் மண்ணின் நிறத்தையும் குறித்துக்கொண்டு, தொல்லியல் துறைக்குத் தெரிவித்தல் வேண்டும்.