மலைப்பாதையிலே துவிச்சக்கரவண்டி

யாழ்ப்பாணத்தவர்க்குத் துவிச்சக்கரவண்டியைப் பற்றி எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். பள்ளிக்கும் சந்தைக்கும் தோட்டத்துக்கும் கோயிலுக்கும் அதிலேயே சென்று வளர்ந்தவர் நாம். போர்க்காலத்தில் எரிபொருளின்றி மோட்டார் வண்டிகள் முடங்கிக் கிடந்த ஆண்டுகளில் விறகும் நெல்லும் நோயாளியும் அதன்மீதே ஏறிச் சென்றதை நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். ஆயினும் நமது நிலம் தட்டைநிலம். கீரிமலையின் பெயரில் மலை உண்டு, ஊரில் இல்லை. ஆதலின் ஏற்றத்தில் வண்டியை ஏற்றுவது எங்ஙனம், இறக்கத்தில் அதனை இறக்குவது எங்ஙனம் என்னும் இரண்டும் நாம் கல்லாத பாடங்களாகவே உள்ளன.

ஊவா மலைநாட்டில் ஆசிரியப்பணி பூண்டு ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்த காலத்தில், விடுமுறை நாள்களிலே தேயிலைத் தோட்டப் பாதைகளில் வண்டியோட்டிப் பெற்ற அறிவைப் பழைய மாணவ அன்பர்க்கு ஈண்டுத் தருகின்றேன். இதற்குக் காரணம் உண்டு. நம் கல்லூரியை விட்டு நீங்கிய இளைஞர் சிலர் இப்போது தடித்த ரயர் பூட்டிய மலைவண்டிகளோடு அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் புறப்படுவதைக் காண்கின்றேன். அவர்களோடு உரையாடுங்கால், எல்லாரும் ஏற்றத்தையே அஞ்சுகின்றனர்; இறக்கத்தை விளையாட்டென எண்ணுகின்றனர். ஏற்றம் மூச்சை வாங்கும். உயிரை வாங்க வல்லது இறக்கமே.

மலைக்கென்றே வண்டி செய்யும் வழக்கம் தோன்றியதும் ஓர் இறக்கத்திலேதான். கலிபோர்னியாவில், சான்பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மரீன் என்னும் மாவட்டம் உண்டு. 1970களில் அங்குள்ள இளைஞர் சிலர், முன்னைக் காலத்துப் பருத்த ரயர் வண்டிகளைத் தேடியெடுத்து மண்பாதையில் மலையினின்றும் ஓட்டி இறங்கினர். 1976 ஒக்டோபர் 21 ஆம் நாள் தொடங்கிய அவர்களது போட்டிக்கு ‘றீபாக்’ என்று பெயர். ஏறத்தாழ இரண்டு மைல் தூரத்தில் 1,300 அடி இறங்கும் பாதை அது. அவ்வண்டிகளிற் பெடலைப் பின்னோக்கி மிதித்தால், பின்சில்லின் குடத்துள்ளே அமைந்த பிறேக் பிடிக்கும். ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் குடத்திலிருந்த கிறீஸ் வெந்து புகையாய்ப் போய்விடும். மீண்டும் கிறீஸ் அடைத்தாலன்றி வண்டி உதவாது. ‘மீள அடைத்தல்’ என்பதே அப்பெயரின் பொருள். அடுத்த ஆண்டில் ஜோ பிறீஸ் என்பவர் மலைக்கென்றே சட்டம் அமைத்து வண்டி செய்தார். 1996 இல் அற்லாண்டா நகரத்து ஒலிம்பிக் விழாவில் மலைவண்டியோட்டம் ஒரு போட்டியாகவும் இடம்பெற்றது.

அந்தக் கிறீஸ் ஏன் வெந்தது என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். ஆளும் வண்டியுமாக 85 கிலோகிராம் நிறை என்க. 300 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி ஏறக்குறைய 250,000 யூல். ஒரு லீற்றர் நீரை 20 பாகையிலிருந்து 80 பாகை வரை சூடாக்க இது போதும். மெல்ல இறங்குவோர்க்கு இச்சக்தியிற் பெரும்பகுதி பிறேக்கின் சிறிய தகடுகளிலும் அவற்றைக் கவ்வும் கட்டைகளிலுமே வெப்பமாய்ச் சேர்கின்றது. எண்ணெயால் இயங்கும் பிறேக்காயின், வெப்பம் மிகுந்தபோது எண்ணெய் கொதித்துக் குமிழிகள் தோன்றும். எண்ணெய் அமுங்காது, குமிழி அமுங்கும். அப்பொழுது கைப்பிடி முழுதும் அழுந்தி வரும், சில்லோ நில்லாது.

கொழும்பிலிருந்து வந்த அன்பர் ஒருவர்க்கு இது என் கண்முன்னே நேர்ந்தது. உச்சியிலிருந்தே இரு பிறேக்குகளையும் விடாமற் பிடித்தபடி இறங்கியவர், நாலாவது வளைவில் பிடி இளகிப்போய்த் தேயிலைக்குள் பாய்ந்தார். தேயிலை தூரத்துப் பார்வைக்குப் பச்சை மெத்தை. அதனுள்ளே கவாத்து வெட்டிய கம்புகள் நேராக நிற்கும். அவருடைய தொடையிலே பதினொரு தையல் போடவேண்டியதாயிற்று. தலைக்கவசம் அணிந்திருந்தமையால் தலை தப்பியது.

ஆகவே இறக்கத்தில் பிறேக்கை ஓயாது பிடித்துக்கொண்டிருத்தல் ஆகாது. பாதை நேராய்க் கண்ணுக்குத் தெரியுமிடத்திற் சற்றே ஓடவிடுக. வளைவுக்கு முன்னரே உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவினுள்ளே பிடியை இளக்குக. ஓடவிட்ட இடத்திற் காற்றும் வேகத்தில் ஒரு பங்கைத் தின்னும், தகடும் ஆறும். எரிந்த மணம் வந்தால் இறங்கி ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். தகட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், தோல் உரியும்.

‘முன் பிறேக்கைத் தொடாதே, தலைகுப்புற விழுவாய்’ என்று நம் ஊரிற் சிறுவர்க்குச் சொல்லிக் கொடுப்பர். மலையில் இவ்வுபதேசம் அரை உண்மை. இறங்குங்கால் பாரம் முன்சில்லின்மேற் சாய்வதால், வண்டியை நிறுத்தும் வலிமை முன் பிறேக்குக்கே அதிகம். பின் பிறேக்கை மட்டும் இறுக்கினாற் பின்சில்லு சுழலாமல் வழுக்கும். இருக்கையை விட்டு எழுந்து, இரு பெடல்களையும் ஒரே மட்டத்தில் வைத்து, இடுப்பைப் பின்னே தாழ்த்தி, ஒரே விரலால் முன் பிறேக்கை மெல்ல அழுத்தினால் வண்டி அடங்கி வரும். சரளைக்கல் நிறைந்த வளைவின் நடுவே மட்டும் அதனைத் தொடலாகாது. வேறொன்று: எந்தக் கைப்பிடி முன் பிறேக்குக்கு உரியது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். வெளிநாட்டிலிருந்து வரும் வண்டியில் இது இடம் மாறியிருக்கக்கூடும். ஏறுமுன் பார்த்துக்கொள்க.

கண் செல்லும் இடத்துக்கே சில்லும் செல்லும். கல்லை அஞ்சிக் கல்லையே பார்த்தவன் அதன்மேலே மோதுவான். போகவேண்டிய வழியைப் பார்த்தவன் விலகிப் போவான். தோட்டப் பாதைகளைக் குறுக்கறுத்துச் செல்லும் கான்களையும் கவனிக்க வேண்டும். மழைநீர் வடியக் கல் பதித்த இக்கான்களைச் சாய்வாகக் கடந்தாற் சில்லு சிக்கும். நேர்க்குறுக்காகவே கடத்தல் வேண்டும்.

இனி ஏற்றம். இதற்கு வலிமையிலும் கணக்கே துணை. முன்னே 44 பல்லும் பின்னே 18 பல்லும் உடைய நம் ஊர் வண்டியிற் பெடலை ஒருமுறை சுற்றினால், ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் முன்செல்லும். 32 பல்லும் 51 பல்லும் உடைய மலைவண்டியில் ஒன்றரை மீற்றருக்கும் குறைவாகவே செல்லும். தூரம் குறையக் காலின் சுமையும் குறைகின்றது. ஏற்றம் தொடங்குமுன்னரே கியரை மாற்றுக. முழுப் பாரமும் பெடலில் இருக்கும்போது மாற்றினாற் செயின் அறும். இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்ந்து மார்பைத் தாழ்த்தினால் முன்சில்லு மேலெழாது. தம்பேத்தன்னைத் தேயிலைத் தொழிற்சாலையைக் கடந்து லிப்ரன் இருக்கைக்கு ஏறுவோர், அவ்விடம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,970 மீற்றர் மேலே உள்ளதென்பதை நினைவிற் கொள்க. அங்கே காற்றழுத்தம் கடற்கரையிலுள்ளதில் ஐந்தில் நான்கு பங்கே. வல்லிபுரத்து மணலில் ஓடிப் பழகிய நெஞ்சும் அங்கே திணறும். ஏறும்போதே ஒரு வெண்பாவைச் சீர் குலையாமற் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். ஒவ்வோர் அடிக்கும் மூச்சு வாங்கினால் வேகம் மிகுதி என்பது பொருள். தமிழ் அறியாதார் வேறு வழி காண்க!

ரயருக்குக் கல்லைப்போற் காற்றடிப்பது நம்மவர் பழக்கம். மலையில் அது வேண்டாம். இரண்டேகால் அங்குல அகலமுள்ள ரயருக்கு, நடுத்தர நிறையுடையார்க்குச் சதுர அங்குலத்துக்கு 25 இறாத்தல் அளவு போதும். மெத்தென்ற ரயர் கல்லைத் தழுவிப் பற்றும். இறுகிய ரயர் துள்ளும். மிகக் குறைத்தாலோ, விளிம்புக்கும் கல்லுக்கும் இடையில் ரியூப் நசுங்கிப் பாம்பு கடித்தாற்போல் இரு துளை விழும். விலை மிகுந்த வண்டிதான் வேண்டும் என்பதில்லை. முன்கவையில் அதிர்வு தாங்கியும், நம்பத்தக்க பிறேக்கும் இருந்தாற் போதும். எஞ்சிய பணத்துக்கு நல்ல தலைக்கவசம் வாங்கலாம்.

காலம் அறிந்து செல்லல் வேண்டும். ஹற்றன், தலவாக்கலைப் பக்கத்து மேற்குச் சரிவுகளுக்குத் தை முதற் பங்குனி வரை ஏற்றது. ஆனி, ஆடியில் அங்கே தென்மேற்குப் பருவமழை. அப்பொழுது ஊவாப் பக்கம் காற்று வீசினும் காய்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஊவாவை நாடற்க. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தைக்கு அருகே மீறியபெத்தைத் தோட்டத்து லயன்களை மண்சரிவு மூடியது அப்பருவத்திலேதான். பல நாள் மழைக்குப் பின் பாதையில் புதிய வெடிப்போ, சாய்ந்த மரமோ, கலங்கிய ஊற்றோ கண்டால் திரும்பிவிடுதலே முறை.

2023 இல் கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ நடைபாதை திறக்கப்பட்டபின் வெளியார் வரவு மிகுந்துள்ளது. இப்பாதைகள் பொழுதுபோக்குக்காக வெட்டப்பட்டவை அல்ல. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் வெட்டித் திருத்திய வழிகள். இன்றும் அவர்தம் வழித்தோன்றல்கள் வேலைக்கும் பள்ளிக்கும் மருந்துக்கும் செல்லும் வழிகள். கொழுந்துச் சுமையோடு வரும் பெண் தலையைத் திருப்பிப் பார்க்க மாட்டாள். தொலைவிலேயே மணியடித்து, இறங்கி, பள்ளத்துப் பக்கம் நாம் நின்று அவளை மேட்டுப் பக்கத்தாற் போகவிடுக. என் மாணவி ஒருத்தியின் தாயை வேகமாய் வந்த வண்டியொன்று இடித்துத் தள்ளிற்று. ஓட்டியவர் திரும்பியும் பாராமற் சென்றார். அவ்வம்மையார் ஆறு கிழமை வேலைக்குச் செல்லவில்லை. ஆறு கிழமையும் பெயர்க்கூலி இல்லை.

வீடு திரும்பியபின் சேற்றைக் கழுவி, செயினைத் துடைத்துச் சில துளி எண்ணெய் விடுக. எண்ணெய் பிறேக் தகட்டிற் படலாகாது. பிறேக் கட்டையின் தேயும் பகுதி ஒரு மில்லிமீற்றருக்குக் குறைந்தால் மாற்றுக. மலையூர்க் கடைகளில் வேண்டிய கட்டை எப்பொழுதும் கிடைப்பதில்லையாதலின், ஒரு சோடியைப் பையிலே வைத்திருத்தல் நன்று. இரு சில்லுக்கும் ஒரே கட்டை பொருந்தும் வண்டியாய்ப் பார்த்து வாங்கினால் அந்த ஒரு சோடியே எதற்கும் உதவும்.