அண்டை வீட்டுச் சூரியன்

மே மாதக் கடைசியிலும் ஜூன் மாதத்திலும் இஷா தொழுத பிறகு, 9 மணி 10 மணி அளவில் மொட்டை மாடிக்குப் போய்த் தெற்கே பாருங்கள். கட்டடமோ மரமோ மறைக்காத இடமாக இருக்க வேண்டும். கையை நீட்டி முஷ்டியை அடிவானத்தின் மேல் வைத்தால், ஒன்றரை முதல் இரண்டு முஷ்டி உயரத்தில் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். இடப்பக்கம் இருக்கும் ஒளி மிகுந்த நட்சத்திரம்தான் ஆல்ஃபா சென்டாரி. இரவு வானில் பிரகாசத்தில் இதற்கு மூன்றாம் இடம்.

இதன் இன்னொரு பெயர் ரிஜில் கென்டாரஸ். 'ரிஜ்ல்' என்றால் கால் என்பது மத்ரஸாவில் படிக்கும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். பாதி மனிதன், பாதி குதிரை என்று கிரேக்கர்கள் கற்பனை செய்த நட்சத்திரக் கூட்டத்தில், காலின் இடத்தில் இருப்பதால் வந்த அரபுப் பெயர் இது.

ஒன்றல்ல, மூன்று

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் இது இரட்டை நட்சத்திரம். அதைக் கண்டறிந்தது நம் புதுச்சேரியில்தான். 1689 டிசம்பரில் ழான் ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், வால்நட்சத்திரம் ஒன்றைத் தொலைநோக்கியில் பார்த்துவந்தபோது இதைக் கவனித்தார். இந்த இரண்டையும் 'ஏ', 'பி' என்று அழைக்கிறார்கள். ஒன்றையொன்று சுற்றிவர இவற்றுக்கு ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆகின்றன. பிராக்சிமா என்ற மங்கலான மூன்றாவது நட்சத்திரம் 1915இல் தெரியவந்தது. சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரம் அதுவே.

நம் சூரியனோடு ஒப்பிட்டால்

'ஏ' நட்சத்திரம் நம் சூரியனின் வகையையே சேர்ந்தது. மேற்பரப்பு வெப்பம் இரண்டிலும் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். சூரியனின் எடையை 100 என்று வைத்தால் இதன் எடை 108, குறுக்களவு 122, ஒளி 150. எடை சற்றே கூடியதற்கு ஒளி இவ்வளவு கூடுவானேன்? எடை கூடும்போது மையத்தில் அழுத்தமும் வெப்பமும் ஏறி, ஹைட்ரஜன் வேகமாக எரிபொருளாகிறது. இதன் வயதும் சூரியனைவிடச் சற்று அதிகம் என்றே பெரும்பாலும் கணிக்கிறார்கள். வயது ஏற ஏற இவ்வகை நட்சத்திரங்களின் ஒளி கூடும்.

'பி' சற்றுச் சிறியது. எடை 91, ஒளி 50. நிறம் ஆரஞ்சு சாயல்.

தூரம்

கட்டைவிரலை நீட்டி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணால் பாருங்கள். விரல் நகர்வது போல் தோன்றும். அதேபோல் பூமி சூரியனைச் சுற்றும்போது அருகிலுள்ள நட்சத்திரம் மிக நுண்ணிய அளவில் இடம் மாறித் தெரியும். தாமஸ் ஹெண்டர்சன் 1832, 1833இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் இதை அளந்தார். தம் கணக்கின் மீது முழு நம்பிக்கை வராததால் 1839 வரை அவர் அதை வெளியிடவில்லை.

இன்றைய கணக்கில் அந்தத் தூரம் சுமார் 4.37 ஒளியாண்டு. இன்று நாம் காணும் ஒளி புறப்பட்டபோது, இப்போது மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை பள்ளிக்கே போயிருக்காது. நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாயேஜர் 1 விண்கலத்துக்கு இவ்வளவு தூரம் கடக்க 75 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

அங்கே இன்னொரு பூமியா?

பிராக்சிமாவை 11 நாளுக்கு ஒருமுறை சுற்றும் ஒரு கோள் இருப்பதாக 2016இல் அறிவித்தார்கள். ஆனால் பிராக்சிமா அடிக்கடி கடும் சுவாலைகளை வீசும் நட்சத்திரம். அங்கே உயிர் வாழ முடியும் என்பதற்கு இதுவரை சான்று இல்லை.

'ஏ' நட்சத்திரத்தின் அருகே சனிக்கோளின் எடையுள்ள ஒரு கோள் இருக்கக்கூடும் என்று 2025 ஆகஸ்டில் செய்தி வந்தது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2024 ஆகஸ்டில் எடுத்த படத்தில் அதற்கான அடையாளம் இருந்தது. 2025இல் இரண்டு முறை பார்த்தபோது அது தென்படவில்லை. அதனால் விஞ்ஞானிகளே அதைக் கோள் என்று உறுதியாகச் சொல்லாமல், 'கோளாக இருக்கலாம்' என்று நிறுத்திக்கொண்டார்கள்.

'இன்னொரு பூமி கிடைத்துவிட்டது' என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தால் உடனே அடுத்தவருக்கு அனுப்பிவிடாதீர்கள். எத்தனை முறை பார்த்தார்கள், வேறு யாராவது சரிபார்த்தார்களா என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து கேளுங்கள். வானத்துச் செய்திக்குப் பழகும் இந்தக் கேள்வி, ஊர்ச் செய்திக்கும் உதவும்.