டி.பி. மாத்திரை: எதற்குப் பயம், எதற்கு ரத்த டெஸ்ட்?
- மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்

நம்மில் பலர் காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். அப்பாவோ மாமாவோ ஹார்பரில் மூட்டை தூக்குவார், இல்லாவிட்டால் கம்பெனியில் ஷிப்ட் பார்ப்பார். நெருக்கமான வீடுகள், தூசு, புகை. காசநோய் நமக்குப் புதிய பெயர் அல்ல. ஆனாலும் தெருவில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. 'நெஞ்சுல சளி'ன்னு சொல்லி முடிச்சிடுவாங்க.

வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டு இந்த நோயைத் தீர்க்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியது நம் சென்னைதான். 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. நகரத்து ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்தில் வைத்தும், மறுபகுதியினரை வீட்டிலேயே விட்டும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் நன்றாகவே குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கு அதனால் நோய் அதிகம் தொற்றவும் இல்லை. முடிவு வெளிவந்தது 1959-ல். நமக்குப் பெருமைதான். ஆனால் வீட்டு வைத்தியம் என்றால் பக்கத்தில் நர்ஸ் இல்லை. மருந்து உடம்பை என்ன செய்கிறது என்று கவனிக்க வேண்டியது நோயாளியும் வீட்டாரும்தான்.

சாதாரண டி.பி.க்கு ஆறு மாத மருந்து. முதல் இரண்டு மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எதாம்பூட்டால் ஆகிய நான்கு. அடுத்த நான்கு மாதம் பைரசினமைட் நீங்கலாக மூன்று. நடுவில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும். அப்புறம் வைத்தியம் இன்னும் கடினம்.

என் மாமா விடப் பார்த்தார். மாத்திரை தொடங்கிய மறுநாளே, "இன்னாடா இது, ரத்தமா போவுது! எனக்கு இந்த மாத்திரையே வேணாம்" என்று ஒரே சத்தம். சிறுநீர் ஆரஞ்சும் சிவப்புமாக இருந்தது. "மாமா, அது ரிஃபாம்பிசினோட கலர். வேர்வை, கண்ணீர்கூட அப்படி வரலாம்" என்று சுகாதாரப் பணியாளர் சொன்னதையே நானும் சொன்னேன். பாதி மனசோடு தொடர்ந்தார். இதற்கு டெஸ்ட்டும் வேண்டாம், வைத்தியமும் வேண்டாம்.

பயப்பட வேண்டியது கல்லீரலுக்கு. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட் மூன்றுமே அதைத் தாக்கக்கூடியவை. கல்லீரல் செல்லுக்குள் எஸ்.ஜி.பி.டி. என்று ஒரு என்சைம் உண்டு. செல் அடிபட்டால் அது ரத்தத்தில் கசியும். கேஸ்கெட் போனால் தரையில் ஆயில் சொட்டுமே, அந்த மாதிரி. ரத்த டெஸ்ட் அளப்பது அந்தக் கசிவைத்தான். நார்மல் சுமார் 40 வரை. முதல் சில வாரங்களில் கொஞ்சம் ஏறித் தானாக இறங்குவது உண்டு. அதற்காக மருந்தை நிறுத்த மாட்டார்கள். வாந்தி, வயிற்றுவலி, பசியின்மை இருந்து மூன்று மடங்கு தாண்டினாலோ, எந்தத் தொல்லையும் இல்லாமலே ஐந்து மடங்கு தாண்டினாலோ டாக்டர் அந்த மூன்றையும் நிறுத்திவிடுவார். அளவு இறங்கியதும் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்து, இடையிடையே ரத்தம் பார்ப்பார். எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்பது அப்படித்தான் பிடிபடும். நாமே மொத்தமாக நிறுத்தினால் குற்றவாளி யார் என்றே தெரியாது.

சிறுநீர் நிறத்தை வைத்து மஞ்சள் காமாலையைக் கண்டுபிடிக்க முடியாது. கண்ணின் வெள்ளையைப் பார்க்க வேண்டும், அதுவும் பகல் வெளிச்சத்தில். மஞ்சளாக இருந்தால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். குடிப்பவர்களுக்கும், முன்பே கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆபத்து அதிகம். ஷிப்ட் முடிந்து குவார்ட்டர் அடிக்கிறவர் டாக்டரிடம் அதை மறைக்கிறார் பாருங்கள், அதுதான் எனக்குப் புரியாத வெட்கம்!

'ரத்தம் பார்த்தாச்சு, எல்லாம் நார்மல்' என்று நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. ரத்தத்தில் தெரியாத தொல்லைகளும் உண்டு. ஐசோனியாசிட்டால் கால் பாதம் மரத்துப் போகும், எரியும். இதையும் சேத்துப்பட்டு நிலையத்தில் ஆராய்ந்தார்கள். மருந்தை உடம்பு மெதுவாகக் கழிப்பவர்களுக்கு இது அதிகம் என்று தெரிந்தது. பி-6 வைட்டமின் மாத்திரை இதைத் தடுக்கும். மூட்டுவலிக்குப் பெரும்பாலும் காரணம் பைரசினமைட். அதில் ஏறும் யூரிக் அமிலம் மட்டும் ரத்தத்தில் தெரியும். எதாம்பூட்டால் கண்ணைத் தொடும்: பார்வை மங்கும், சிவப்பும் பச்சையும் குழம்பும். கிரேன் ஓட்டுகிறவருக்கும் லாரி டிரைவருக்கும் இது விளையாட்டு அல்ல. அதை எந்த லேப் ரிப்போர்ட்டும் சொல்லாது. அவர் வாய் திறந்து சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும்.

இன்னொன்று. ரிஃபாம்பிசின் மற்ற மாத்திரைகளின் வேகத்தைக் குறைத்துவிடும். சில சர்க்கரை மாத்திரைகள், கருத்தடை மாத்திரை இரண்டும் அதில் சேரும். ஆகவே டி.பி. மருந்து வாங்கப் போகும்போது வீட்டில் இருக்கும் மற்ற மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.