மழை பெய்தும் வறட்சியா?

ஜுருவில் அன்று மாலை நல்ல மழை. அந்த நேரம் பார்த்து, தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தச் சொல்லி மலாயில் ஓர் அறிவிப்பு என் கைப்பேசிக்கு வந்தது. பாட்டிக்குத் தமிழில் சொன்னேன். "வெளிய எட்டிப் பாருய்யா, இதுவா கெமாராவ்?" என்று சிரித்தார். எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகுதான் தேடிப் படித்தேன்.

நம் குழாயில் வருவது நம் கூரையில் விழுந்த மழை அல்ல. பினாங்கு மாநிலத்துக்கான நீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு சுங்கை மூடாவிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்த ஆறு வருவதோ கெடாவின் உலு மூடா காட்டிலிருந்து. வழியில் நெல் வயல்களுக்கும் அதே நீர்தான். ஜுருவில் கால்வாய் நிரம்பி வழிந்தாலும், அங்கே மழை பொய்த்தால் நமக்குச் சிக்கல்.

செய்திகளில் வரும் அணை விழுக்காட்டையும் கவனமாகப் படிக்க வேண்டும். ஆயர் ஈத்தாம் அணை நிரம்பினால் 260 கோடி லிட்டர். நமக்குப் பக்கத்தில் உள்ள மெங்குவாங் அணை, விரிவாக்கத்துக்குப் பின், 8,640 கோடி லிட்டர். மாநிலத்தின் ஒரு நாள் தேவையே 80 கோடி லிட்டரைத் தாண்டுகிறது. "அணையில் 40 விழுக்காடுதான்" என்ற செய்தி ஆயர் ஈத்தாமுக்கு ஒரு பொருள், மெங்குவாங்குக்கு முற்றிலும் வேறு பொருள். எந்த அணை, யார் வீட்டுக் குழாய் என்று சொல்லாத எண் பயமுறுத்தும். இல்லையென்றால் தூங்க வைக்கும். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது என்பேன்.

வெயிலும் வறட்சியும் ஒன்றல்ல. 35 முதல் 37 பாகை வெப்பம் மூன்று நாள் நீடித்தால் மெட்மலேசியா முதல் நிலை வெப்ப எச்சரிக்கை விடுக்கும். வறட்சியை அளக்கும் எஸ்பிஐ குறியீடு, ஓரிடத்தில் பல மாதங்களில் பெய்த மழையை அங்கே வழக்கமாகப் பெய்யும் மழையோடு ஒப்பிடுகிறது. பூஜ்யம் என்றால் வழக்கம்போல். கழித்தல் 2-க்குக் கீழே போனால் கடும் வறட்சி. ஒரு மாலை மழை அந்தக் கணக்கை மாற்றிவிடாது.

இதையெல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான்கே வரியில் தமிழில் எழுதிப் போட்டேன். மாமா கட்டைவிரலை உயர்த்தினார், அவ்வளவுதான். ஆனால் இப்போதெல்லாம் மழை தூறினால் பாட்டி என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறார்: "கெடா பக்கம் பேஞ்சுச்சா?"